விளக்குக்கு ஊற்றிய தண்ணீர்

தீர்ந்துபோன டார்ச் லைட் செல்லின் அடியில் ஒரு கம்பியின் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மறுமுனையையும் செல்லின் தலையில் இருக்கும் பித்தளைக் குமிழையும் ஒரே சமயத்தில் நாக்கில் வைத்தால் ஒரு புளிப்பு வரும். மாங்காய்ப் புளிப்பு இல்லை, புளியம்பழப் புளிப்பும் இல்லை. நாக்கில் எறும்பு ஓடினது மாதிரி ஒரு சுருக்கு, அதோடு துருப்பிடித்த ஆணியைச் சப்பின வாடை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் புளிப்பைக் காட்டிக்கொடுத்தது என் அக்கா வளர்மதி. கம்பியை மட்டும் நாக்கில் வை என்பாள், ஒன்றும் வராது. குமிழை மட்டும் வை என்பாள், அப்போதும் ஒன்றும் வராது. ரெண்டையும் சேர்த்து வைத்தால்தான் சுருக்கென்று இழுக்கும். அவளுக்கு அது பாடம், புத்தகத்தில் 'மின்சுற்று' என்று படம் போட்டிருந்தது. எனக்கு அது தின்பண்டம்.

செல் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பண்ணைக்குப் பக்கிரி என்று ஒரு காவல்காரர் இருந்தார், முழங்கை நீளத்துக்கு ஐந்து செல் போடுகிற டார்ச் லைட் வைத்திருப்பார். வெளிச்சம் மங்கினால் ஐந்தையும் உதறி வாய்க்கால் கரையில் போட்டுவிட்டுப் போவார். நாங்கள் அதைப் பொறுக்கிவந்து கூரைமேல் வெயிலில் காயவைப்போம், ரெண்டு நாள் வெயில் பட்டால் அதற்குக் கொஞ்சம் உயிர் திரும்பும். மூன்றைக் கெட்டிக் காகிதத்தில் வரிசையாகச் சுருட்டி, அடியிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து, சின்ன பல்பின் இடுப்பில் சுற்றி, பல்பின் அடியைக் குமிழில் தொட்டால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். ஒரு செல்லைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் அதுவும் தெரியாது. இதெல்லாம் அக்கா செய்துபார்த்து எனக்குச் சொன்னது. "போற வழி மட்டும் இருந்தா பத்தாதுடா, திரும்பி வர்ற வழியும் இருக்கணும். எங்கயாவது அறுந்துச்சுன்னா மொத்தமும் நின்னுபோயிடும்" என்பாள். எங்கள் கீழத் தெருவில் பதினொன்றாம் வகுப்பு வரை போன முதல் ஆள் அவள்தான். காலையில் பழையதைத் தின்றுவிட்டு ரெண்டு மைல் வரப்பிலும் ரெண்டு மைல் ரோட்டிலும் நடந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதில் தேறிவிட்டால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம் என்று எங்கள் அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்று நடுகிற இடத்தில், களை பறிக்கிற இடத்தில், யார் என்ன பேசினாலும் அவள் அந்தப் பேச்சில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள்.

ஆட்சி மாறி, கழகத்துக்காரர்கள் வந்து, ஊர் ஊராகக் கரண்ட் வந்துகொண்டிருந்த காலம். மேலத் தெருவுக்கும் பண்ணையின் மோட்டார் கொட்டகைக்கும் கம்பி இழுத்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கும் உத்தரவாகி, சிமெண்ட் கம்பம் பன்னிரண்டு வந்து குளத்துக் கரையில் இறங்கியது. இறங்கினது அப்படியே கிடந்தது. கம்பத்தை நடவேண்டுமென்றால் பண்ணை ஐயாவின் நாலு மா வயலைத் தாண்டி வரவேண்டும். வயலில் கம்பம் நட்டால் ஏர் திரும்ப இடம் இருக்காது என்று அவர் மனு எழுதிப் போட்டுவிட்டார். அது பேச்சுக்குச் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் செங்கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு ரெண்டு போகம் தகராறு. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார்கள், நம் ஆட்கள் வரப்பில் போய் மறித்தார்கள், அந்தத் தகராறில் பிடிபட்டு எங்கள் அப்பா திருச்சி ஜெயிலில் இருந்தார். கீழத் தெருவில் விளக்கு எரிந்தால் அதன்கீழ் கூட்டம் போடுவார்கள் என்று மேலத் தெருவில் பேச்சு.

கம்பங்கள் ரெண்டு வருஷம் கிடந்ததில் அவற்றுக்கும் ஒரு உபயோகம் வந்துவிட்டது. பெண்டுகள் அதன்மேல் வறட்டி தட்டிக் காயவைப்பார்கள். சாயங்காலம் கிழவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். நாங்கள் ஒன்றின் முனையிலிருந்து மறுமுனைக்குக் கீழே விழாமல் ஓடுவோம். ஆட்டுக்குட்டி ஒன்று எப்போதும் அதன்மேல் நின்றுகொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்குத் தம்பி, எங்கள் கோவிந்தன் மாமா, கம்பத்துக்குக் குழி வெட்டுகிற கூலியாக நாகூர் ரோட்டு வேலைக்கெல்லாம் போய்வந்தவர். குழி வெட்டப் போன இடத்தில் லைன்காரர்கள் ஒரு பல்பை வைத்துக் கம்பியைச் சோதிக்கிறதைப் பார்த்திருக்கிறார்: பல்பின் ஒரு கம்பி மேலே, மற்றது ஈர மண்ணில். பல்பு எரிந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. மோட்டார் கொட்டகைக்குப் போகிற கம்பி எங்கள் குடிசைக்குப் பின்னால், வாய்க்கால் கரை ஓரமாகத்தான் போகும். கார்த்திகை மாதம் ஒரு அந்தியில், ஆட்டுக்குத் தழை இழுக்கிற மூங்கில் துரட்டியின் நுனியில் ஒரு கொக்கிக் கம்பியைக் கட்டி மேலே மாட்டினார். அதிலிருந்து ஒரு ஒயர் கூரைக்குள் வந்தது. பல்பிலிருந்து போன இன்னொரு கம்பியை, முனை மழுங்கின ஒரு கடப்பாரையில் சுற்றி, கொல்லையில் இறக்கி அடித்தார். நாற்பது வாட் பல்பு. எங்கள் குடிசையின் பனங்கை, மூங்கில், அதில் தொங்கின ஒட்டடை எல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா முதலில் செய்த காரியம் விளக்குமாற்றை எடுத்து ஒட்டடை அடித்தது.

அக்காவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். புத்தகத்தில் ரெண்டு கம்பி இருக்கிறது, இங்கே ஒற்றைக் கம்பிதான் வருகிறது, எப்படி எரிகிறது என்று ரெண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா, மண்ணில் குத்தினால் எரியும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"மாமா, மண்ணுதான் ரெண்டாவது கம்பி. ரோட்டுக்கிட்ட டிரான்ஸ்பார்மர்லேருந்து ஒரு கம்பிய மண்ணுக்குள்ள எறக்கியிருக்காங்க பாருங்க, இங்க எறங்குற கரண்டு அங்க போய்ச் சேருது."

 மாமா, அந்தக் குழியை வெட்டினதே தான்தான், உப்பும் அடுப்புக்கரியும் அள்ளிப்போட்டு மூடச் சொன்னார்கள், எதற்கென்று அப்போது விளங்கவில்லை என்றார். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்:

"ஏன்டி, இங்கேருந்து ரோடு வரைக்கும் மண்ணுக்குள்ளயேவா போவுது? நடுவுல பண்ணை வயலு நாலு மா கெடக்கே. அவுங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாம்?"

மாமா சிரித்ததில் புரையேறிவிட்டது. அம்மா அப்படித்தான், முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தியில் மாமா கொக்கியை மாட்டுவார், பக்கிரி தன் சுற்றுக்குக் கிளம்புவதற்குள் எடுத்துவிடுவார். அந்த இடைப்பட்ட நேரம் அக்காவின் நேரம். கொல்லைப் பக்கம் வெளிச்சம் தெரியாமல் சாக்குப் படுதா தொங்கும்.

தை நடுவில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். எங்களுடையது கடைமடை; மேலே மூடினால் நாலைந்து நாளில் எங்கள் வாய்க்காலில் நத்தை நகர்கிற கோடு தெரியும். அறுத்த வயல் முதலில் கறுக்கும், பிறகு வெளுக்கும், மாசி நடுவில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வருஷம் வயல் வெளுக்க வெளுக்க எங்கள் விளக்கும் மங்கியது. வெள்ளையாக எரிந்தது மஞ்சளாகி, பிறகு பழுத்த மிளகாய் மாதிரி ஒரு நெளிகம்பி மட்டும் பல்புக்குள் தெரிந்தது. மாமா கொக்கியைச் சுரண்டிப்பார்த்தார், பல்பை மாற்றிப்பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்தேன் என்று சொல்லக்கூடாது. ஒரு நாள் அந்தியில் அம்மா கழுநீர்ப் பானையைக் கொடுத்து மாட்டுக்கு வைக்கச் சொன்னாள். நான் சோம்பேறித்தனத்தில் கொல்லையிலேயே, கடப்பாரை நின்ற இடத்தில் கவிழ்த்துவிட்டேன். உள்ளேயிருந்து அக்கா கத்தினாள், "டேய், இப்ப என்ன பண்ணுன?" மாட்டுக் கழுநீரைக் கொட்டினதற்குத்தான் திட்டுகிறாள் என்று பயந்துபோய் எட்டிப்பார்த்தால், கார்த்திகை மாதத்தில் எரிந்தது மாதிரி விளக்கு எரிகிறது.

தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் விளக்கு தண்ணீர் குடிக்கும் என்றேன். அக்கா, அது குடிக்கிறது இல்லை, காய்ந்த மண்ணில் கரண்ட் போகாது, ஈர மண்ணில்தான் போகும் என்று விளக்கிச் சொன்னாள். எங்கள் அம்மாவுக்கு நான் சொன்னதுதான் விளங்கியது. பிறந்ததிலிருந்து தண்ணீர் வைத்தே பழகின கை. வாடின பயிருக்குத் தண்ணீர் விட்டால் நிமிர்கிறது, மங்கின விளக்குக்குத் தண்ணீர் விட்டால் நிமிர்கிறது. இதில் என்ன புத்தகம் வேண்டியிருக்கிறது? அக்கம்பக்கத்தில் யாராவது எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டால், விளக்குக்குத் தண்ணி வைக்கப் போறேன் என்பாள். செடிக்குப் பாத்தி கட்டுகிற மாதிரி கடப்பாரையைச் சுற்றி ஒரு பாத்தியும் கட்டிவிட்டாள். தண்ணீர் வெளியே ஓடி வீணாகாமல், பாத்திரத்தின் வாயைக் கடப்பாரையோடு சேர்த்து அணைத்து, அதன் மேலேயே வழியவிட்டு ஊற்றுவாள். கத்தரிக்கன்றுக்கு அப்படித்தான் ஊற்றுவது, தண்டோடு அணைத்து.

அக்கா பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். கொக்கி மாட்டுவதற்கு முன்னால் ஊற்றிவிடுங்கள் என்றாள். முன்னால் ஊற்றினது ஒரு நாழிகைக்குத் தாங்கவில்லை, வெடித்த மண் அப்படியே உறிஞ்சிக்கொண்டது. சரி, நடுவில் ஊற்றுவதாக இருந்தால் மண் கலயத்தில்தான் ஊற்ற வேண்டும், பித்தளை, ஈயம், அலுமினியம் எதையும் கிட்டே கொண்டுபோகக்கூடாது, கடப்பாரையைக் கையால் தொடக்கூடாது, அதிலும் கரண்ட் இருக்கிறது என்று சட்டம் போட்டாள். புத்தகத்தில் கடத்துகிற பொருள், கடத்தாத பொருள் என்று ரெண்டு வரிசை இருந்தது. அதை அம்மாவுக்கு வாசித்தே காட்டினாள். அம்மா, "சரிடி, ஒன் கலயத்துலயே ஊத்துறேன், நீ படி" என்றாள். கொல்லை வேலிப் படலோரம் அதற்கென்றே ஒரு கலயம் கவிழ்த்துவைத்திருக்கும்.

மாசிக் கடைசியில் குளம் வற்றினால் பிள்ளைகளுக்குத் திருவிழா. சேற்றில் மீன் துள்ளும். உளுவை, குரவை, கெண்டைக் குஞ்சு. கையால் அள்ளலாம், போட்டுவைக்கத்தான் ஏனம் வேண்டும். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அம்மா தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அன்றைக்கு அம்மா உளுந்து பறிக்கப் போயிருந்தாள். நான் படலோரத்தில் இருந்த கலயத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். பாதி நிரம்பியது. கரையேறி வரும்போது வழக்கம்போல சிமெண்ட் கம்பத்தின்மேல் ஏறி ஓடினேன், கால் வழுக்கியது. கலயம் போய்விட்டது. மீனைச் சட்டையில் அள்ளிக்கொண்டு, ஓடுகளைக் கம்பத்துக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கலயத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அடி விழும் என்ற பயம் பெரிதாக இல்லை. எங்கள் அம்மா அடிக்கிறவள் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்தியில் மாமா வந்து கொக்கியை மாட்டிவிட்டுச் செங்கொடிச் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனார். அம்மா மீனை உரசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அக்கா சொன்னாள், "அம்மா, எழுத்து தெரியல."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். படலோரம் பார்த்தாள். "தம்பி, கலயம் எங்கடா?"

"தெரியலம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு மீன் கழுவ வைத்திருந்த அலுமினியக் குண்டானில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு போனாள். நான் அடுப்புக்கிட்டே உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, உள்ளே வெளிச்சம் நிமிர்ந்தது. அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "போதும்மா" என்றாள். பதில் இல்லை. மறுபடியும், "போதும்மா, வாங்க" என்றாள்.

குண்டான் விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். அது விழவில்லை, அதுதான் காரியம். அக்கா எழுந்து ஓடினாள், பின்னாலேயே நானும். அம்மா கடப்பாரையின்மேல் சாய்ந்து மண்டிபோட்டிருந்தாள், குண்டான் கையோடு ஒட்டியிருந்தது. நான் பிடித்து இழுக்கப் போனேன். அக்கா என்னை ஒரு அறை அறைந்து தள்ளிவிட்டு, உள்ளே ஓடி உலக்கையை எடுத்துவந்து, மேலேயிருந்து வந்த ஒயரை அடித்து அறுத்தாள். வெளிச்சம் போனது. அம்மா பக்கவாட்டில் விழுந்தாள். எங்கள் தெருவில் அப்படிச் செய்யவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் பதினாறு வயது அக்காதான். தெரிந்து என்ன ஆனது? கட்டை வண்டி பூட்டி, ஆஸ்பத்திரி ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டி திரும்பிவந்து நின்றபோது மாமா தெருப்புழுதியில் விழுந்து கிடந்தார். ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் கொக்கி போட்டேன், என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போவதாக எழுந்து எழுந்து ஓடினார், பிடித்து உட்காரவைத்தார்கள். எங்கள் தெருவுக்கு நாட்டாண்மை வீரய்யன் என்று ஒருவர், அப்பாவோடு சங்கத்தில் இருந்தவர். அவர் ஆண்பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினார். கரண்டில் செத்தாள் என்று தெரிந்தால் திருட்டுக் கேஸ் வரும், மாமா உள்ளே போவார், அப்பா ஏற்கெனவே உள்ளே. சங்கத்துக்காரன் எல்லாம் கம்பி திருடுகிறவன் என்று ஊரெல்லாம் பேசுவார்கள். கம்பம் என்றைக்கும் எழும்பாது. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பூச்சி கடிச்சிடுச்சுன்னு சொல்லிடுவோம்மா. உளுந்து பறிக்கையில கடிச்சிருக்கு, கவனிக்கலன்னு. செத்தவ போயிட்டா. இருக்குறவங்களப் பாக்கணும்ல."

பூச்சி என்றால் எங்கள் பக்கம் பாம்பு. அக்கா அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். குண்டான் விளிம்பு அப்படியே வளைவாகச் சுட்டிருந்தது.  பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி மஞ்சளை அரைத்துக் கொண்டுவந்து அந்த இடத்தில் கனமாகப் பூசினாள். பிறகு கையை மூடிக் கட்டிவிட்டார்கள். வண்டி வருவதற்குள்ளேயே யாரோ கடப்பாரையைப் பிடுங்கி, பாத்தியைக் காலால் மிதித்துச் சமன் பண்ணியிருந்தார்கள். கிராம அதிகாரி பட்டாமணியார் வந்து கேட்டார், சொன்னதை எழுதிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் எங்கள் தெரு மூச்சடங்கிப்போகிற மாதிரி ஒன்று நடந்தது. பண்ணை ஐயா வந்தார். தெருமுனையில், கம்பங்கள் கிடந்த இடத்தில் நின்றார். அதற்கு மேல் அவர் வந்ததே இல்லை. கோடித் துணி கொடுத்தனுப்பினார். அம்மா அவர் வயலில் பன்னிரண்டு வயதிலிருந்து நாற்று நட்டவள். நடவுப் பாட்டில் அவள் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள், அது அவருக்கும் தெரியும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீரய்யனைக் கூப்பிட்டு, "இருட்டுல கெடந்தா பூச்சி பொட்டு அண்டத்தான் செய்யும். பொம்பளைங்க புழங்குற எடம். கம்பத்த நட்டுக்கச் சொல்லு. வரப்போரமா போட்டுக்கச் சொல்லு, நான் மனுவத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் போன பிறகு வீரய்யன் கம்பத்தின்மேல் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சித்திரையில் கம்பம் நட்டார்கள், ஒரு மாதத்தில் வீட்டுக்கு ஒரு விளக்கு வந்தது. பாம்பு கடித்து எங்கள் அம்மா அஞ்சலை செத்ததால் வந்த விளக்கு. இனிமேல் அந்தப் பேச்சை எப்படி மாற்றுவது? அப்பா வைகாசியில் ஜெயிலிலிருந்து வந்தார். அவரிடமும் பாம்பு என்றே சொன்னோம், மாமாமேல் கை வைத்துவிடுவார் என்று. அவர் சாகிற வரைக்கும் வயலில் இறங்கினால் கையில் ஒரு கழி வைத்துக்கொண்டு முன்னால் தட்டித் தட்டித்தான் போவார், எங்களையும் அப்படிப் போகச் சொல்வார். நானும் கழியால் தட்டிக்கொண்டே அவர் பின்னால் போவேன்.

அக்கா பரீட்சை எழுதினாள். தெருவில் வீட்டுக்கு ஒரு ஆழாக்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள், சிம்னி விளக்கில் படித்தாள், யாரோடும் பேசாமல் படித்தாள். ஆறு பாடத்தில் ஐந்து தேறினாள். விஞ்ஞானம் போய்விட்டது, மூன்று மார்க்கில். திரும்ப எழுதலாம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். அவள் போகவில்லை. சோறாக்க ஆள் வேண்டும், எனக்குத் தலை வார ஆள் வேண்டும் என்று சொன்னாள். அம்மா நட்ட வயலிலேயே அடுத்த குறுவைக்கு நாற்று நட இறங்கினாள். நானும் அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் போகாமல் மாடு மேய்க்கப் போய்விட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறதெல்லாம் பிற்பாடு சங்கத்துப் படிப்பகத்தில் வந்தது.

இப்போது எங்கள் தெருவைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குடிசை ஒன்றுகூட இல்லை. பண்ணையின் நாலு மா வயல் மனைக்கட்டாகிவிட்டது, அதில் ரெண்டு மனை எங்கள் தெருப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வாங்கினது. மோட்டார் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. குளம் பாதியாகிவிட்டது, உளுவை மீனைச் சொன்னால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். நடவுக்கு மெஷின் வந்துவிட்டதால் நடவுப் பாட்டு எடுத்துக்கொடுக்க யாரும் தேவையில்லை. அக்காவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணமாகி, வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சுவிட்சைத் தொட்டு நான் பார்த்ததில்லை. யாராவது வந்து போடுகிற வரைக்கும் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். பேத்திகள் கேலி பண்ணுவார்கள், அவள் சிரித்துக்கொள்வாள்.

போன ஐப்பசியில் கோவிந்தன் மாமா போய்ச்சேர்ந்தார். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, சாப்பாட்டுப் பந்தல் அடியில் நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். எனக்கு அறுபத்து மூன்று வயது, அவளுக்கு எழுபது. கலயத்தை உடைத்தது நான்தான் என்று சொன்னேன். எங்கே உடைத்தேன், ஓடுகளை எங்கே தள்ளினேன், அம்மா கேட்டபோது என்ன சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். 

"எழுத்து தெரியலன்னு நான்தானேடா சொன்னேன்" என்றாள். "தெரிஞ்சுச்சு. மங்கலாத்தான் இருந்துச்சு, ஆனா தெரிஞ்சுச்சு."

பிறகு, நான் கேட்காமலே, அந்த விஞ்ஞானப் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். பத்து மார்க்குக் கேள்வி ஒன்று. ஒரு செல், ஒரு பல்பு, ஒரு சாவி என்கிற சுவிட்ச், எளிய மின்சுற்றுப் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள் அவள். முதல் கோடு இழுத்தாளாம். அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கக் கை வரவில்லையாம். வட்டத்தை முடித்தால் விளக்கு எரிந்துவிடும் என்று தோன்றியதாம். அப்படியே விட்டுவிட்டு மற்றதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

 பந்தல் போட்டவன் வந்து கீற்றைப் பிரிக்க ஆரம்பித்தான். இதை யாரிடமாவது சொல்லலாமா, எழுதலாமா என்று கேட்டேன். மாமாவும் போய்விட்டார், அப்பாவும் இல்லை, வீரய்யன் இல்லை, பண்ணை ஐயா போயும் இருபது வருஷம். இனிமேல் யாரைப் பிடிக்கப்போகிறார்கள்?

அக்கா எழுந்து புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"எழுது" என்றாள். "அந்தப் பூச்சி நமக்கு ஒரு தீங்கும் பண்ணாத ஜீவன். அன்னைக்கு அது எந்த வரப்புல கெடந்துச்சோ. இத்தனை வருஷமா அம்மாவக் கொன்னதுன்னு அது மேல போட்டு வச்சிருக்கோம்."